விளக்கு வைப்பதற்குள் பம்பாய்

ராயக்கோட்டை மலைக்கு மேற்கே ராகியும் கொள்ளும் விளைகிற மேட்டு நிலம் கொஞ்சம், கிணற்றடியில் கத்தரியும் மிளகாயும் போட ஒரு துண்டு, நாலு மாடு, ஒரு ஓட்டு வீடு. மங்கம்மாவின் ராஜ்ஜியம் அவ்வளவுதான். ராஜ்ஜியம் சின்னதென்றாலும் ஆட்சி பலமானது. புருஷன் நாராயணப்பன் தலையாட்டுவதற்கென்றே பிறந்த நல்ல மனுஷர். மங்கம்மாவுக்குக் கோபம் வந்தால் தமிழில் ஆரம்பிப்பாள், முற்றினால் தெலுங்குக்குப் போவாள், அதற்கும் அடங்காவிட்டால் கன்னடம் வரும். விவரம் தெரிந்தவர்கள் தெலுங்கு வரும்போதே எழுந்து போய்விடுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. பாம்பு, பேய் எதுவுமில்லை. தூரம்.

அவர்கள் ஜனத்தில் பெண் கொடுப்பதென்றால் ஜாதகத்துக்கு முன்னால் தூரத்தைத்தான் பார்ப்பார்கள். அதை மைலில் அளப்பதில்லை. கோழி கூப்பிடக் கிளம்பினால் விளக்கு வைப்பதற்குள் பெண் வாழப்போன வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குள் அடங்குகிற ஊர் எதுவானாலும் சரி. காரணம் இல்லாமலில்லை. கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால் பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி போய்ச் சேர வேண்டும். அந்தத் துணியைப் போர்த்தாமல் எடுத்தால் அவளை அநாதையாக எடுத்ததாகத்தான் பேச்சு. சேதி கிடைத்து, ஓடிப்போய், முகத்தைப் பார்த்து, துணியைப் போட வேண்டும். அதற்கெல்லாம் ஒரு பகல் பொழுதுதான் கணக்கு.

மங்கம்மாவின் அக்கா வெங்கடம்மாளை அந்தக் கணக்கில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு அஞ்செட்டிப் பக்கம் கொடுத்தார்கள். நல்ல காடு, நிறைய மாடு, மாப்பிள்ளையும் பார்வையாக இருந்தார். மழை இல்லாத நாளில், வண்டி மாடு திடமாக இருந்தால், ஒரு பகலில் போய்விடலாம்தான். கட்டிக்கொண்டு போன மூன்றாம் வருஷம் மாரிக்காலத்தில் வெங்கடம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. பல நாள் படுத்துக் கிடந்தாள். 'சரியாப் போயிடும், எதுக்குப் பொறந்த வூட்டைக் கலவரப்படுத்தணும்' என்று அங்கே இருந்துவிட்டார்கள். ஆள் வந்து இங்கே சொன்னபோது அவள் மண்ணுக்குள் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. ஓடை நிரம்பிக் கிடந்தது, யானை இறங்கியிருந்தது, ஆள் கிடைக்கவில்லை என்றெல்லாம் சொன்னார்கள். வாங்கிய கோடித் துணியை மங்கம்மாதான் எடுத்துக்கொண்டு போய்க் காய்ந்துகொண்டிருந்த புதைமேட்டின் மேல் போட்டுவிட்டு வந்தாள். அப்போது அவள் வயிற்றில் சரோஜா.

அன்றிலிருந்து அவள் அந்தப் பாதையைத்தான் திட்டினாள். அஞ்செட்டி என்று யாராவது பேர் சொன்னால் போதும், காட்டையும் ஓடையையும் சேர்த்து மூன்று மொழியிலும் வாங்குவாள்.

சரோஜா வளர்ந்தாள். எட்டாவது வரை படித்தாள். அவளுக்கென்று முறை மாப்பிள்ளை ஒருவன் இருந்தான். நாராயணப்பனின் தங்கை செல்வம்மாளுக்கு ஒரே பிள்ளை, முனிராஜ். தகப்பன் இல்லாத பையன், ஓசூரில் படித்து, பெங்களூரில் விமானக் கம்பெனியில் வேலை பழகப் போனான். சைக்கிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவன் ஆகாயக் கப்பலைக் கழற்றி மாட்டுகிறான் என்று ஊரே வாயைப் பிளந்தது. மங்கம்மாவுக்கும் பெருமைதான். பெங்களூர் அவள் கணக்குக்குள் வரும் ஊர். ராயக்கோட்டையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஓசூர், அங்கே மாறினால் அத்திப்பள்ளி தாண்டி உச்சிப் பொழுதுக்கு முன்னால் பெங்களூர். சரோஜாவும் அவனும் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் பார்த்துக்கொள்வது மங்கம்மாவின் கண்ணில் படாமல் இல்லை. கண்டும் காணாமல் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவனைப் பம்பாய்க்குப் போட்டுவிட்டார்கள். பம்பாய் விமான நிலையத்தில் நிரந்தர வேலை, தங்க வீடு, நல்ல சம்பளம். உகாதிக்கு ஊருக்கு வந்த முனிராஜ் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து சொன்னான். செல்வம்மாளும் கூடவே வந்து, தை மாதத்தில் முகூர்த்தம் வைக்கலாமா என்று வாயெடுத்தாள்.

மங்கம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "பம்பாய் எவ்வளவு தூரம்டா?"

"பெங்களூர்ல இருந்து ஐந்நூறு மைலுக்கு மேல, அத்தே."

"ரெயிலுல?"

"ரெண்டு ராத்திரி ஆவும். ஆனா விமானத்துல மூணு மணி நேரம் சொச்சந்தான்."

"மைல் ஐந்நூறுங்கற, நேரம் மூணுங்கற. ரெண்டுல ஒண்ணு பொய். மூணு மணி நேரத்துல நான் ராயக்கோட்டைச் சந்தைக்குப் போயி கத்தரிக்காய வித்துட்டுத் திரும்பவே முடியல."

"பொய் இல்ல அத்தே. நானே போயிட்டு வந்திருக்கேன்."

"நீ ரெக்கை கட்டிட்டுப் போவ. நான் எதைக் கட்டிட்டு வர்றது? எம் பொண்ண நான் கண்காணாச் சீமைக்குக் குடுக்க மாட்டேன். செல்வம்மா, மனசுல வெச்சுக்காத. வேற எடம் பாத்துக்க."

தெலுங்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் செல்வம்மாள் எழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. அதுதான் பெரிய தொந்தரவாகப் போயிற்று. சரோஜா அழுதிருந்தால் அதட்டியிருக்கலாம், சாப்பிடாமல் இருந்திருந்தால் நாலு சாத்து சாத்தி ஊட்டியிருக்கலாம். அவள் பாட்டுக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், மிளகாய் பறித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். முன்பெல்லாம் வேலை செய்யும்போது ஏதாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பாள். அது மட்டும் நின்றுபோயிற்று. ஆடி வந்தது, ஆவணி வந்தது. கெலமங்கலத்தில் ஒரு பையன், ஓசூரில் ஒரு பையன் என்று உறவுக்காரர்கள் கொண்டு வந்தார்கள். "அம்மா சொன்னா சரி" என்று சரோஜா சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் மங்கம்மாவின் நெஞ்சை அறுத்தது.

ஐப்பசியில் முனிராஜ் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை மிட்டாய் இல்லை.

"அத்தே, ஒரு தடவை நீங்களே வந்து பாத்துருங்க. மாமாவும் வரட்டும். எங்களுக்குக் கம்பெனியில சலுகை உண்டு, நான் எடத்துக்குச் சொல்லி வெக்கறேன். பாத்துட்டு நீங்க ஆவாதுன்னா நானும் சரின்னுடுவேன்."

மங்கம்மா வழக்கம்போல் வாயைத் திறந்தாள். உள்ளே அம்மிச் சத்தம் நின்றது காதில் விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் பெண். மங்கம்மா திறந்த வாயை மூடி, மறுபடி திறந்தாள்.

"வரேன். ஆனா நான் சொல்றபடி. முந்தின நாளே பெங்களூர் போயித் தங்கறதெல்லாம் கெடையாது. சேதி வந்தா எப்படி ஓடியாருவனோ அப்படியே வருவேன். கோழி கூப்பிட எந்திரிச்சுக் கெளம்புவேன். விளக்கு வெக்கறதுக்குள்ள உங்க பம்பாய் மண்ணுல என் காலு படணும். பட்டுச்சுன்னா பொண்ணு உனக்கு. படலன்னா இந்தப் பேச்ச இதோட வுட்டுரணும். சரியா?"

"சரி அத்தே" என்றான் முனிராஜ்.

அம்மி மறுபடி ஓட ஆரம்பித்தது. அதிலிருந்த வேகத்தைக் கேட்டால் அன்றைக்குச் சட்னி மாவாகியிருக்கும்.

சொன்னபடியே செய்தாள். குறித்த நாளில் கோழி கூப்பிட்டதும் எழுந்து, களி கிளறி உருண்டை பிடித்து, கடலைக்காய்ச் சட்னியோடு துணியில் கட்டிக்கொண்டாள். நாராயணப்பன் வெளுத்த வேட்டியும் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டுமாக நின்றார். கல்யாணம் நடந்து இருபது வருஷம் ஆனதில் கோட்டு மட்டும் அப்படியே இருந்தது, அவர் இல்லை. வண்டியில் ராயக்கோட்டை. முன்பு அந்த ஊருக்குச் சின்ன ரெயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. சண்டைக் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் பஸ். காய்கறிக் கூடைகளுக்கு நடுவே ஓசூர் வந்து, அடுத்த பஸ்ஸில் ஏறி, மைசூர் ராஜ்ஜியத்துக்குள் நுழைந்து, பெங்களூரில் ஜட்கா பிடித்து விமான மைதானத்துக்கு வந்து இறங்கியபோது பொழுது இன்னும் உச்சிக்கு வரவில்லை. மங்கம்மா சூரியனை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு அது அவளுடைய ஆள்.

உள்ளே போனதும் முதல் சண்டை. பெட்டி மூட்டையை நிறுப்பதோடு நிறுத்தாமல், ஆளையும் தராசில் ஏறச் சொன்னார்கள்.

"என்னா, நான் புளி மூட்டையா? எடை போட்டு வாங்கப் போறீங்களா?" என்றாள் மங்கம்மா. எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்குத் தமிழ் அரைகுறை. விமானத்தில் பாரம் சமமாக இருக்க வேண்டும் என்று கன்னடத்தில் விளக்கினான். அவளும் கன்னடத்துக்கு மாறினாள். குமாஸ்தாவுக்கு அது கோபத்தின் மூன்றாவது படி என்று தெரியாது, பாவம், ஊர்க்காரி என்று சந்தோஷப்பட்டான். கடைசியில் அவள் ஏறினாள். பின்னால் ஏறிய நாராயணப்பன் அவளைவிடக் குறைவாக இருந்தார் என்பதை வெகுநாள் வரை அவர் வெளியே சொல்லவில்லை.

இரண்டாவது செய்திதான் பெரிது. விமானம் உச்சிப் பொழுதுக்குக் கிளம்ப வேண்டும். ஆனால் நடுவே இறங்கி எண்ணெய் போடும் ஊரான பெல்காமில் மழையும் மேகமும் மண்டிக் கிடக்கிறது, அது விலகினால்தான் இங்கிருந்து கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மங்கம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை. "பாத்தீங்களா? மழை வந்தா ஓடையும் நிக்கும், ஆகாசமும் நிக்கும். எல்லாம் ஒண்ணுதான். நான் சொன்னனா இல்லியா?" என்றாள்.

"சொன்ன" என்றார் நாராயணப்பன்.

நிழல் காலடியில் சுருங்கி, பிறகு மறுபக்கம் நீள ஆரம்பித்தது. வேகமாகத்தான் நீளுகிறது என்று தோன்றியது. களி உருண்டையைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். விமானம் வெயிலில் வெள்ளியாக நின்றுகொண்டிருந்தது. மங்கம்மாவுக்கு ஏனோ அம்மிச் சத்தம் நினைவுக்கு வந்தது. இருட்டுக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தேன், அதனால் இல்லை என்று ஊருக்குப் போய்ச் சொல்லப் போகிறோம். சரோஜா 'சரிம்மா' என்பாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவாள். வாழ்நாள் முழுக்கப் பாடாமல் ஒருத்தி கண்ணெதிரே, கெலமங்கலத்திலோ ஓசூரிலோ, விளக்கு வைக்கிற தூரத்துக்குள்ளேயே இருப்பாள்.

மங்கம்மா எழுந்து குமாஸ்தாவிடம் போனாள். "ஏம்ப்பா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"மேகம் விலகணும்மா."

"மேகமாம் மேகம். மேகத்துக்கு மேல போறதுக்குத்தான வண்டி கட்டியிருக்கீங்க? எங்கூர்ல மாட்டு வண்டியே மழையில போவுது."

மூன்று தடவை போனாள். மூன்றாம் தடவை அவள் குரலில் அதிகாரம் இல்லை. "ஒரு பொண்ணோட வாழ்க்கைப்பா. கொஞ்சம் பாரு" என்றாள். அப்படி அவள் யாரிடமும் கெஞ்சி நாராயணப்பன் பார்த்ததில்லை. அவர் மேலே மேகம் இருக்கிறதா என்று பார்த்தார்.

பிற்பகல் சரிந்த பிறகு கூப்பிட்டார்கள். வால் பக்கம் தரையில் தாழ்ந்து சாய்ந்து நிற்கிற விமானத்துக்குள், மலை ஏறுவதுபோல் ஏறிப்போய் உட்கார்ந்தார்கள். இரண்டு இஞ்சினும் உறுமி, ஓடி, பூமி சட்டென்று கீழே போனபோது நாராயணப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குலதெய்வத்தை அழைத்தார். மங்கம்மா கண்ணை மூடவில்லை. ஏரிகள், கம்பங்கொல்லைகள், பாறைக் குன்றுகள் எல்லாம் சின்னதாகிக்கொண்டே போயின. "அடேயப்பா! வரப்பு கூடத் தெரியுதுங்க" என்றாள்.

நீலப் புடவை கட்டிய பெண் ஒருத்தி தட்டு நிறைய பெப்பர்மிண்டும், பிறகு ரொட்டித் துண்டுகளும் காப்பியும் கொண்டு வந்தாள். மங்கம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நாராயணப்பனின் காதில் சொன்னாள்: "கை நனைக்காதீங்க!"

சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. ஒரு வாய் சாப்பிட்டாலும் பெண் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். விமானம் முனிராஜின் கம்பெனியுடையது. அப்படியானால் இதுவும் அவன் வீட்டுச் சாப்பாடுதானே? மங்கம்மாவின் நியாயத்தில் ஓட்டை கிடையாது. நீலப் புடவைப் பெண் பெங்களூர்க்காரி. "சாப்பிடலைன்னா காது அடைக்கும்மா" என்று கன்னடத்தில் வற்புறுத்தினாள். மங்கம்மா விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்துக் கொடுத்தாள். "இது கம்பெனியோடதில்லை. எங்க அம்மா குடுத்தது." மங்கம்மா அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, நன்றாக இரு தாயி என்று ஆசீர்வதித்தாள்.

திரும்பிப் பார்த்தால் நாராயணப்பன் ரொட்டியில் பாதியைத் தின்று முடித்திருந்தார்.

"அட பாவி மனுஷா! அந்தரத்துல வெச்சுப் பொண்ணத் தாரை வாத்துட்டியே!"

"பசிச்சுது மங்கம்மா" என்றார். தலையாட்டாமல் அவர் செய்த முதல் காரியம் அது. மீதியையும் நிதானமாகத் தின்றார். "நான் குடுத்துட்டேன். நீ உன் இஷ்டம்" என்றார்.

பெல்காமில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு மறுபடி கிளம்பியது. இப்போது சூரியன் ஜன்னலுக்கு நேரே வந்துவிட்டது. மங்கம்மா அதன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. போகாதே, போகாதே என்று மனசுக்குள் கெஞ்சினாள். கீழே மலைகளில் இருட்டு நிரம்ப ஆரம்பித்திருந்தது. மேலே அவள் மடியில் இன்னும் மஞ்சள் வெயில் விழுந்துகொண்டிருந்தது. நான் இருக்கிற இடத்தில் பொழுது இருக்கிறதே, அது கணக்கில் வராதா என்று ஒரு சபலம். மண்ணில் கால் படணும் என்று சொன்னது அவளேதான். சிவப்பு வட்டம் பாதியாகி, கீற்றாகி, போயே போய்விட்டது.

விமானம் சாய்ந்து இறங்கியபோது பம்பாய் தெரிந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், கண்ணுக்கு எட்டிய மட்டும் விளக்கு. இத்தனை விளக்கை ஒரே இடத்தில் அவள் பார்த்ததில்லை. மற்ற நாளாயிருந்தால் கையைத் தட்டிச் சிரித்திருப்பாள். "ஊர் பூரா விளக்கு வெச்சுட்டாங்களேங்க" என்றாள்.

படியில் இறங்கினாள். கீழே முனிராஜ் நின்றிருந்தான், வேலை உடுப்போடு, கையெல்லாம் எண்ணெய்க் கறை. இரண்டு பேர் காலையும் தொட்டுக் கும்பிட்டான். முகத்தில் ஈயாடவில்லை.

நாராயணப்பன் முந்திக்கொண்டார். மேற்கே கையைக் காட்டினார். "மாப்ள, அங்க பாரு, செவப்பு இருக்குது பாரு! இன்னும் வெளிச்சம் இருக்குதில்ல? எங்கூருக்கும் இந்தூருக்கும் பொழுது எறங்கறது வித்தியாசப்படும்னு நீதான சொன்ன? பொழுது போகலன்னுதான சொல்லணும்? சொல்லுடா!"

அவன் தலையாட்டியிருந்தால் போதும். மேற்கில் சிவப்பு இருந்தது நிஜம். மங்கம்மாவே அதை வெளிச்சம் என்று ஒப்புக்கொள்ளத் துடித்துக்கொண்டிருந்தாள். ஆம் என்று சொல்லிவிடு, கண்ணா, சொல்லிவிடு என்று அவள் உள்மனசு அடித்துக்கொண்டது.

முனிராஜ் மேற்கே திரும்பக்கூட இல்லை. "இல்ல மாமா. பொழுது எறங்கி நேரமாச்சு. நான் இங்கயே நின்னு பாத்துட்டிருந்தேன். விளக்கும் வெச்சாச்சு." பிறகு மங்கம்மாவைப் பார்த்தான். "நீங்க சொன்ன கணக்குல வரல அத்தே. மழையாலன்னு நான் சாக்குச் சொல்ல மாட்டேன். மழை நாளைக்கும் வரும். உங்களைக் காலையில திரும்ப ஏத்தி வுட்டுடறேன்."

மங்கம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இருபது வருஷமாக அவள் பாதையைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஓடையைத் திட்டினாள், காட்டைத் திட்டினாள், யானையைத் திட்டினாள். அக்கா படுத்த அன்றைக்கே ஒருத்தன் கிளம்பி வந்து சொல்லியிருந்தால்? ஓடை நிரம்பியிருந்தால் என்ன, சுற்றிக்கொண்டு போயிருக்க மாட்டாளா? இரண்டு நாள் ஆனாலும் போய் அக்கா கையைப் பிடித்திருக்க மாட்டாளா? அவள் நாள் கணக்கில் படுத்துக் கிடந்தாளே! தூரம் கொல்லவில்லை. சொல்லாமல் இருந்தார்களே, அதுதான் கொன்றது. நல்ல மனுஷர்கள்தான். கெட்ட சேதியை வாயால் சொல்லக் கூச்சப்பட்டார்கள். இதோ இவன், தனக்கே ஆகாத சேதியை, சொல்லாவிட்டால் யாரும் கேட்கப் போகாத சேதியை, முகத்துக்கு நேரே சொல்கிறான்.

"முனிராஜு" என்றாள். "எங்க அக்காளுக்கு மொதல்ல தலைவலிதான்டா வந்துது. வெறும் தலைவலி. அப்பறந்தான் காய்ச்சல். எங்களுக்கு யாரும் சொல்லல."

"தெரியும் அத்தே. அம்மா சொல்லியிருக்குது."

"எம் பொண்ணுக்கு ஒண்ணுன்னா நீ எனக்குச் சேதி சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"பெருசா ஏதாச்சும் வந்தப்பறம் இல்ல. தலைவலி வந்தாலே சொல்லணும்."

"தலைவலிக்குமா அத்தே?"

"தலைவலிக்குந்தான். நீ சேதிய மட்டும் அனுப்பு. மழையோ இருட்டோ, நான் வந்து சேந்துருவேன். எத்தன நாளானா என்ன, வந்துருவேன். அது என் பாடு." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "தை மாசத்துலயே நாள் பாக்கச் சொல்லு உங்கம்மாவ."

முனிராஜ் எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறையாக்கிக்கொண்டான். நாராயணப்பன், தான் ஏற்கெனவே ஆகாயத்திலேயே முடித்துவிட்டதாக அவனிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. ராயக்கோட்டையில் பஸ் ஏறும்போது சரோஜா அழுதாள், மங்கம்மா அழவில்லை. பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். காடு கழனி, சந்தை, கத்தரிக்காய் என்று நாள் ஓடியது. மாசி போய்ப் பங்குனி வந்தது.

ஒரு நாள் நல்ல வெயிலில் ராயக்கோட்டையிலிருந்து தந்திக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊருக்குள் வந்தார். அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவு. அவர் மங்கம்மாவின் வீட்டுப் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். ஒருத்தி தலைமயிரை அவிழ்த்தே விட்டாள். "அய்யோ எங்க சரோசா!" என்று ஒரு குரல் கிளம்ப, நாலு குரல் சேர்ந்துகொண்டது. களத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்த மங்கம்மா முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். நாராயணப்பன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். தந்திக்காரர் இரண்டு கையையும் தூக்கி என்னவோ கத்தினார், அழுகையில் ஒன்றும் கேட்கவில்லை.

"வாய மூடுங்கடி!" என்றாள் மங்கம்மா. அடங்கினார்கள். "சொல்லுப்பா. எதுவா இருந்தாலும் சொல்லு. நான் கெளம்பணும்."

தந்திக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. காகிதத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, போஸ்ட்மாஸ்டர் தமிழில் சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பித்தார். "சரோஜாவுக்கு நேத்து தலைவலி. இன்னிக்கி இல்ல. முனிராஜ்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்லம்மா. அவ்வளவுதான். இதுக்குப் போயித் தந்தி குடுத்திருக்காரு உங்க மருமவரு" என்று தந்திக்காரர் முனகினார்.

தலைமயிரை அவிழ்த்தவள் ஏமாற்றத்தோடு கொண்டை போட்டுக்கொண்டாள். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நாராயணப்பன் தந்திக்காரரை நிழலில் உட்காரவைத்து மோர் கொண்டு வந்தார். மங்கம்மா மட்டும் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கொள்ளுக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இருபது வருஷத்தில் அவள் அப்படி வாய்விட்டு அழுது யாரும் பார்த்ததில்லை. "அக்கா, பாத்தியாக்கா, வெறும் தலைவலிக்கே சேதி வந்திருக்குதுக்கா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.